எல்.இ.டி. டார்ச்சின் சூடும் வெளிச்சமும்: சோதிப்பது எப்படி, பயன்படுத்துவது எப்படி

பெட்டியின் மேல் 1000 லூமன் (டார்ச் வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அலகு) என்று அச்சிடப்பட்ட ஒரு டார்ச்சை உச்ச நிலையில் எரியவிட்டால், சில நிமிடங்களுக்குள் அதன் தலைப்பகுதி கையில் பிடிக்கச் சங்கடப்படும் அளவுக்குச் சூடேறும். அதைத் தொடர்ந்து வெளிச்சம் தானாகவே ஒரு படி இறங்கும். இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில் இவை டார்ச் ஒழுங்காக வேலை செய்வதற்கான அடையாளங்கள். பெரிய வெளிச்சம் தருவதாகச் சொல்லிக்கொண்டு, அரை மணி நேரம் எரிந்த பிறகும் குளிர்ந்தே இருக்கும் டார்ச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, அது சொன்ன அளவு மின்சாரத்தை இழுக்கவே இல்லை. அல்லது, வெப்பம் உடலுக்கு வந்து சேராமல் எல்.இ.டி.யிலேயே தேங்கி நிற்கிறது.

வெப்பம் பிறக்கும் இடம்

டார்ச்சில் உள்ள வெள்ளை எல்.இ.டி., நீல ஒளி உமிழும் ஒரு சிறிய சிப்பும் அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்தது. நீல ஒளியின் ஒரு பகுதியைப் பாஸ்பர் உறிஞ்சி மஞ்சளாக வெளியிட, எஞ்சிய நீலம் அதனோடு கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. கொடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரைதான் ஒளியாகிறது. மீதி முழுவதும் வெப்பம். பழைய இழை பல்பு இதைவிட மோசமான விரயக்காரன்தான். ஆனால் அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்த்தே வெளியே அனுப்பிவிடும். எல்.இ.டி.க்கு அந்த வசதி இல்லை. சில சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிப்பில் பிறக்கும் வெப்பம், பின்பக்கமாக உலோகத்தின் வழியே கடத்தப்பட்டுத்தான் வெளியேற வேண்டும்.

வெளியேறாவிட்டால் மூன்று விதமான தொல்லைகள் வரும். சிப் சூடாகச் சூடாக, அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதன் ஆயுளும் குறையும். பல உயர்திறன் எல்.இ.டி.களுக்குச் சிப்பின் உள்வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. மூன்றாவது, கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இல்லாத மலிவான டார்ச்சுகளுக்கு உரியது: வெப்பம் கூடும்போது எல்.இ.டி.க்குத் தேவையான மின்னழுத்தம் குறைவதால், பேட்டரியோடு நேரடியாக இணைக்கப்பட்ட எல்.இ.டி. மேலும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும், அது மேலும் வெப்பத்தைக் கூட்டும். வெளிச்சம் திடீரென நீலம் பாய்ந்தாற்போல் தெரிந்தால், அளவுக்கு மீறிய மின்னோட்டத்தாலோ வெப்பத்தாலோ எல்.இ.டி. திணறுகிறது என்று பொருள்; உடனே அணைத்துவிடுங்கள்.

வெப்பம் செல்லும் பாதை

சிப்பிலிருந்து சாலிடர், அதிலிருந்து எல்.இ.டி. அமர்ந்திருக்கும் செம்புத் தகடு, அதன் அடியில் வெப்பப் பசை, பிறகு தலையின் உள்ளே இருக்கும் உலோகத் தட்டு, அதிலிருந்து டார்ச்சின் வெளியுடல், கடைசியாகக் காற்று: வெப்பம் இந்த வரிசையில்தான் பயணிக்கிறது. எங்காவது ஓரிடத்தில் இடைவெளி விழுந்தால் போதும், மற்ற இடங்களில் எவ்வளவு நல்ல உலோகம் இருந்தும் பயனில்லை. செம்பின் வெப்பங்கடத்துதிறன், மீட்டர்-கெல்வினுக்கு வாட் என்ற அலகில், சுமார் 400; டார்ச் செய்யப் பயன்படும் அலுமினியக் கலவைகளுக்கு 150 முதல் 200 வரை; துருப்பிடிக்காத எஃகுக்குச் சுமார் 15; பொதுவான டைட்டானியக் கலவைக்குச் சுமார் 7; அசையாத காற்றுக்கு வெறும் 0.025. தகட்டுக்கும் தட்டுக்கும் இடையே மயிரிழை அளவு காற்று நின்றாலும் அதைப் பசை கொண்டு நிரப்புவது ஏன் என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும். டைட்டானிய டார்ச்சுகள் பார்வைக்கு அழகானவை, கீறலைத் தாங்குபவை. ஆனால் அவற்றின் தலை கொதிக்கும்போது வால் குளிர்ந்தே கிடக்கும். நீண்ட நேரம் அதிக வெளிச்சம் வேண்டுவோர் அலுமினியத்தையே நாடுவது நல்லது.

உடல் தாங்கும் அளவைக் கணக்கிடுதல்

வாங்குவதற்கு முன்பே ஒரு டார்ச் தொடர்ந்து எவ்வளவு வெளிச்சம் தரக்கூடும் என்பதைக் காகிதத்தில் தோராயமாகக் கணக்கிட்டுவிடலாம். 12 சென்டிமீட்டர் நீளமும் 2.5 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட டார்ச்சின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.01 சதுர மீட்டர். காற்று அசையாத இடத்தில், கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியேற்றும். காற்று 30 டிகிரியிலும் உடல் 55 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 25. பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது 2.5 வாட். மின்சாரத்தில் 60 முதல் 70 விழுக்காடு வெப்பமாகிறது என்று கொண்டால், அந்த டார்ச் தொடர்ந்து தாங்கக்கூடிய மின்திறன் சுமார் 4 வாட்தான். ஒரு வாட்டுக்கு 100 லூமன் வீதம் அது 400 லூமன். அதற்கு மேல் பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் சில நிமிடக் காட்சி.

அந்தச் சில நிமிடங்களும் உடலின் எடையைப் பொறுத்தவை. 100 கிராம் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறச் சுமார் 90 ஜூல் வேண்டும். டர்போ எனப்படும் உச்ச நிலையில் 20 வாட் வெப்பம் பிறந்தால், வெளியேறும் சொற்ப வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், உடல் 30 டிகிரி ஏற இரண்டேகால் நிமிடம் போதும். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு டார்ச்சில் பெரிய லூமன் எண்ணைப் பார்த்து மயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பேட்டரிப் பக்கமும் இதே போன்ற சரிபார்ப்பு உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 வகை லித்தியம் அயனி பேட்டரி 3000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையதென்றால், அதில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 10.8 வாட்-மணி. வாட்டுக்கு 100 லூமன் வீதம் 1000 லூமனை அதனால் சுமார் ஒரு மணி நேரம்தான் தாங்க முடியும். "1000 லூமன், 3 மணி நேரம்" என்ற வாசகம் அப்படியானால் பொய்யா? அவசியம் பொய்யல்ல. டார்ச்சுகளுக்கான ஆன்சி எஃப்.எல்.1 தர அளவீட்டில், தொடக்க வெளிச்சம் எரியவிட்ட 30 வினாடி முதல் 2 நிமிடத்துக்குள் அளக்கப்படுகிறது; எரியும் நேரமோ வெளிச்சம் அந்தத் தொடக்க அளவில் 10 விழுக்காடாக இறங்கும் வரை எண்ணப்படுகிறது. இடையில் எந்த அளவில் எரிந்தது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்வதில்லை. நேரத்துக்கு நேர் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தை வெளியிடும் தயாரிப்பாளரை நம்புவதற்குக் கூடுதல் காரணம் உண்டு.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

வரைபடம் இல்லாவிட்டால் நாமே வரையலாம். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, டார்ச்சைக் குளிரவிட்டு, இருட்டான அறையில் மேசை மேல் வாலை ஊன்றி நிமிர்த்தி வையுங்கள். ஒளி கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். சற்றுத் தள்ளி, லக்ஸ், அதாவது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு, காட்டும் செயலி உள்ள கைபேசியைத் திரை மேல்நோக்கி இருக்குமாறு படுக்க வையுங்கள். டார்ச்சின் நேர் ஒளி அதன் மேல் விழக் கூடாது. இரண்டையும் சோதனை முடியும்வரை நகர்த்தாதீர்கள், அறையில் அங்குமிங்கும் நடக்கவும் வேண்டாம். 30-ஆவது வினாடியில் காட்டும் எண்ணை 100 என்று கொண்டு, அதன் பிறகு முதல் கால் மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் குறித்து வாருங்கள். கைபேசியின் லக்ஸ் எண் துல்லியமானதல்ல. ஆனால் நமக்கு வேண்டியது விகிதம் மட்டுமே என்பதால் அது குறையாகாது. டார்ச்சைத் தனியே விட்டுவிட்டு அறையைவிட்டுப் போகாதீர்கள்.

குறித்த எண்களைக் கோடாக இணைத்தால் டார்ச்சின் குணம் புலப்படும். குறிப்பிட்ட ஒரு நிமிடம் வரை சமமாக இருந்து சட்டென்று சரிந்தால், உள்ளே இருப்பது நேரம் பார்த்துக் குறைக்கும் சர்க்யூட். வெப்ப உணரி உள்ள டார்ச்சில் வெளிச்சம் படிப்படியாக இறங்கி, சற்றே ஏறி, ஓரிடத்தில் நிலைகொள்ளும். உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறதோ அதற்கு ஏற்ப அது மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. முதல் வினாடியிலிருந்தே நிற்காமல் சாய்ந்துகொண்டே போனால், பேட்டரியின் மின்னழுத்தம் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்குகிறது, சீராக்கும் சர்க்யூட் எதுவும் இல்லை.

ஐயம் இருந்தால் மின்விசிறியைத் துணைக்கு அழைக்கலாம். டார்ச்சைக் குளிரவிட்டு, மீண்டும் முழுச் சார்ஜில், மேசை விசிறியின் காற்று நேராகப் படுமாறு வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். நிலைகொள்ளும் வெளிச்சம் கணிசமாக உயர்ந்தால் அது வெப்பத்தால் கட்டுப்படுத்தப்படும் டார்ச். மாற்றமே இல்லையென்றால் தடையாக இருப்பது நேரக் கணக்கோ பேட்டரியோ தான். நேரக் கணக்கு உள்ள டார்ச்சை, இறங்கியவுடன் அணைத்து மீண்டும் போட்டால், சூடு ஆறாமலே முழு வெளிச்சம் திரும்பிவிடும். ஒருமுறை தெரிந்துகொள்வதற்காகச் செய்யலாம்; வழக்கமாக்கினால் பாதுகாப்பை நாமே கழற்றி எறிந்ததாகிவிடும்.

பயன்படுத்தும்போது

நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. 800 லூமனை 400 ஆகக் குறைத்தால் பாதியாகிவிட்டதாகத் தோன்றாது, சற்று மங்கியதாக மட்டுமே தோன்றும். அதுவும் கண் பழகியதும் மறந்துவிடும். மின்சாரச் செலவோ பாதிக்கும் கீழே இறங்கும், ஏனெனில் குறைந்த மின்னோட்டத்தில் எல்.இ.டி.யின் செயல்திறன் கூடுகிறது. ஆகவே நடப்பதற்கும் வேலை செய்வதற்கும் நடு நிலையை வைத்துக்கொண்டு, எதையாவது உற்றுப் பார்க்க வேண்டிய அரை நிமிடத்துக்கு மட்டும் டர்போவைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

தொலைவில் பார்க்க வேண்டுமானால் லூமனைத் தேடாமல், ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைச் சொல்லும் கேண்டெலாவைத் தேடுங்கள். பெட்டியில் எழுதும் ஒளித் தொலைவு, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், ஏறக்குறைய தெளிந்த வானத்து முழுநிலவின் வெளிச்சம். 10,000 கேண்டெலா உள்ள டார்ச்சுக்கு அது 200 மீட்டர். ஆழமான பிரதிபலிப்பான் ஒளியைக் குவிப்பதால், வெப்பத்தைக் கூட்டாமலே இந்தத் தொலைவு கூடுகிறது.

டார்ச்சின் தலையைச் சுற்றிக் கையால் பிடிப்பது குளிர்விக்க உதவும், ஏனெனில் ரத்த ஓட்டம் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் உடல் 50 டிகிரியைத் தாண்டினால் கை தாங்காது, 60 டிகிரி உலோகம் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். தலைப்பகுதியில் ரப்பர் உறை மாட்டுவதும் துணி சுற்றுவதும் கூடாது. எரியும் டார்ச்சைக் கருநிறத் துணியின் மேல் கவிழ்த்து வைக்காதீர்கள். திறன் மிக்க டார்ச்சின் ஒளி மட்டுமே துணியைக் கருக்கப் போதுமானது. பையில் போடும்போது வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். திருகு மரைகளில் மின்சாரம் கடத்தாத ஆனோடைஸ் பூச்சு உள்ள டார்ச்சுகளில் இது மின்சுற்றைத் துண்டித்து, தவறுதலாகப் பொத்தான் அழுந்தினாலும் எரியாமல் தடுக்கும். சூடான டார்ச்சைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதும் தவறு. உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் வளையத்தைத் தாண்டி நீரை உள்ளிழுக்கக்கூடும். சூடு ஆறும் முன் பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள். பெரும்பாலான லித்தியம் அயனி பேட்டரிகளுக்குச் சார்ஜ் செய்யும் வெப்பநிலை வரம்பு 0 முதல் 45 டிகிரி வரை.

முன்பு நன்றாகச் சூடாகிய டார்ச், இப்போது தலை அதிகம் சூடேறாமலே சீக்கிரம் மங்குகிறது என்றால், பேட்டரியை மாற்றிப் பார்த்த பிறகு சந்தேகிக்க வேண்டியது காய்ந்துபோன வெப்பப் பசை அல்லது தளர்ந்த தகடு. தலை திறக்கக்கூடியதாக இருந்தால், பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, பழைய பசையை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதிய பசையை மெல்லிய படலமாகத் தடவி, தகட்டை அழுத்தித் திருகுங்கள். தடித்துப் பூசினால் பசையே தடையாகிவிடும். எல்.இ.டி.யின் மஞ்சள் மேற்பரப்பில் விரல் படக் கூடாது.