பக்லோஃபென் குளிசையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்
பக்கவாதம், முள்ளந்தண்டுக் காயம் போன்றவற்றால் கை கால் விறைத்து இழுப்பவர்களுக்கு பக்லோஃபென் எழுதுவார்கள். வழக்கமான தொடக்கம் 5 மி.கி., நாளுக்கு 3 தடவை, சாப்பாட்டோடு. பிறகு டொக்டர் மெல்ல மெல்லக் கூட்டுவார், நீங்களாகக் கூட்டவேண்டாம். விறைப்பு முழுவதும் போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பலர் அந்த விறைப்பை ஊன்றித்தான் எழும்புகிறார்கள். அளவு மிஞ்சினால், கட்டிலை விட்டு இறங்கும்போதே முழங்கால் மடங்கிவிடும்.

பெரிய ஆபத்து, குளிசை முடிந்துபோவதுதான். திடீரென நின்றால் வலிப்பு, கடும் காய்ச்சல், இல்லாதது கண்ணில் தெரிவது, முன்னையதைவிட மோசமான விறைப்பு எல்லாம் வரலாம். ஒரு கிழமைக்குரியது மிச்சமிருக்கும்போதே கிளினிக் கொப்பியோடு பாமசிக்குப் போங்கள். வெசாக் போல நீண்ட லீவு வருகிறதென்றால் இன்னும் முந்துங்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றாலும் டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

ஒரு வேளை தவறினால் அடுத்ததை இரட்டிப்பாக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்; இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரோடுதான் வெளியேறும், தேங்கினால் கடும் மயக்கம். மதுபானம் கூடவே கூடாது. எழுப்பியும் எழும்பாவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.