காருக்கு வீட்டிலேயே பெயின்ட்: பட்டி பார்ப்பதில் இருந்து பிரைமர் வரை

முழுக் காரையும் ஒரே மூச்சில் அடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள். ஒரு ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே வரும் தகடு, போதும். நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு வெள்ளை மாருதி 800-இன் இடது முன் ஃபெண்டரில். 2014 ஜனவரியோடு அந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் கெட்டுப்போனாலும் மனசு ஆறும் என்று கணக்குப் போட்டேன். கெடவும் செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கலரை ஊதுவது அரை மணி நேரத்து வேலை. அதற்கு முன் தேய்க்கிற வேலைக்கு ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போய்விடும். இந்தப் பதிவு அந்தத் தேய்ப்பையும், கலருக்கு அடியில் அடிக்கும் பிரைமரையும் பற்றியது மட்டுமே.

வாங்க வேண்டியவை: 80, 180, 320, 400, 600 நம்பர் உப்புத்தாள், ஒரு ரப்பர் பிளாக், பள்ளத்தை நிரப்புவதற்கு, ஹார்ட்னரோடு (இறுக வைக்கும் பொருள்) வரும் பாலியெஸ்டர் பட்டி, பட்டி இழுக்கும் தகடு, மாஸ்கிங் டேப், பிரவுன் பேப்பர், கிரீஸ் எடுக்கும் திரவம், ஸ்ப்ரே டப்பாவில் வரும் பிரைமர், கறுப்பு மேட் ஸ்ப்ரே ஒன்று. மாஸ்க் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். மூக்கில் கட்டும் துணி தூசியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது, தின்னர் ஆவியை எங்கே தடுக்கப் போகிறது? கரிம ஆவிகளைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பிரைமர் இன்னும் உறுதியானதுதான். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடிய பொருள் அது, வாசனையை வைத்து அளவு மிஞ்சுகிறதா என்று கண்டுபிடிக்கவும் முடியாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் மாஸ்க் உள்ளவர்களுக்கு அதை விட்டுவிடுங்கள். வீட்டில் ஹார்ட்னர் கலக்காத சாதாரண ஒன்-கே போதும்.

படி 1: கழுவி, கிரீஸ் எடுப்பது

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் கிரீஸ் எடுக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியென்றால் மெழுகை இங்கிருந்து அங்கே இழுவுவதோடு சரி. இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. உப்புத்தாள் போடும் கீறலுக்குள் மெழுகும் பாலிஷும் இறங்கிவிட்டால் பிறகு லேசில் வராது. டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஆகியவற்றில் உள்ள சிலிக்கான் துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும்.

இப்போதே ஒரு சோதனை. கண்ணில் படாத ஓரத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேயுங்கள். துணியில் கலர் இறங்கினால், அது கம்பெனி பெயின்ட் இல்லை, யாரோ முன்பு மேலே அடித்த சாதாரண பெயின்ட். நான் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. மூன்றாவது கோட் பிரைமர் அடித்து முடித்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஃபெண்டரின் பாதி, ஆறிய பாலில் ஏடு சுருங்கின மாதிரி சுருங்கிக் கிடந்தது. பழைய பெயின்ட்டைத் தின்னர் கிளப்பிவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

படி 2: துருவும் ஓரமும்

ஃபெண்டரில் துரு பிடிப்பது பெரும்பாலும் சக்கரத்துக்குப் பின்னால், கீழ் விளிம்பில். உள்பக்கம் சேறு சேர்ந்து ஈரம் காயாமலே இருக்கும் இடம். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது டிங்கருக்குப் போக வேண்டிய தகடு. பட்டியால் ஓட்டையை மூடினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இறங்கவில்லை என்றால் 80 நம்பர் போட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். குழிகளில் கறுப்புப் புள்ளிகள் மிச்சம் இருக்கும். அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போட்டு, டப்பாவில் சொன்னபடி சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். தேய்த்த தகட்டை ராத்திரி அப்படியே விட வேண்டாம். கடற்கரை ஊர் என்றால் காலையில் பழுப்பேறிப்போய் இருக்கும்.

இனி ஓரம். பழைய பெயின்ட் முடிந்து தகடு தொடங்கும் இடம் படிக்கட்டு மாதிரி இருக்கக் கூடாது. 180, பிறகு 320 போட்டுச் சரிவாக இழையுங்கள். சரியாக வந்தால், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும்: வெள்ளை, சாம்பல், உள்ளே தகடு. ஒவ்வொரு வளையமும் விரல் அகலம் இருந்தால் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டுங்கள். தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

படி 3: பட்டி

பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளத்துக்குத்தான். அதைவிட ஆழமான ஒடுக்கை முதலில் தட்டி எடுக்க வேண்டும். 80 நம்பரில் கீறிய வெறும் தகட்டின் மேல் நேராகப் போடலாம். ஒன்-கே பிரைமர் மேலே மட்டும் போடாதீர்கள். பட்டியில் உள்ள ஸ்டைரீன் அதை இளக்கிவிடும்.

எலுமிச்சம்பழம் அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்ட்னர். கண்ணாடித் துண்டிலோ பிளாஸ்டிக் பலகையிலோ கலக்குங்கள், அட்டையில் வேண்டாம். அட்டை அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும். கோடு கோடாகத் தெரியாமல் ஒரே நிறமாக வரும்வரை குழைத்துவிட்டு உடனே இழுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாலைந்து நிமிடத்தில் கட்டிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரை அள்ளிப் போட்டால், கலருக்கு மேலே கறை ஏறி வரும். ஒரேயடியாக அப்பாமல், மெல்லியதாக இரண்டு மூன்று முறை இழுங்கள்.

அரை மணி கழித்து 80, பிறகு 180, கடைசியில் 320. எப்போதும் பிளாக்கில் சுற்றித்தான். வெறும் கையில் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுத்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். ஒரே திசையில் போகாமல் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துத் தேயுங்கள். பட்டறைகளில் தண்ணீர் ஊற்றிப் பட்டி தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் செய்ய மாட்டேன். பட்டி தண்ணீரைக் குடிக்கும். அந்த ஈரம் உள்ளே தங்கித் தகட்டைத் துருப்பிடிக்க வைத்து, மேலே கொப்புளமாகக் கிளம்பும்.

மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைப் பரப்பி அதன் மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டுங்கள். வெறும் கைக்குத் தெரியாத மேடுகூடத் தெரியும். பிரைமர் அதையெல்லாம் மூடிவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் மோசம் போகிறோம்.

படி 4: மூடுவது

ஃபெண்டர் முழுவதையும், பழைய பெயின்ட் இருக்கும் இடம் உட்பட, 320 போட்டு மங்கலாக்குங்கள். பளபளப்பு மிச்சமுள்ள இடத்தில் பிரைமர் பிடிக்காது. இண்டிகேட்டரைக் கழற்றிவிடுங்கள். பெயின்ட் படக் கூடாத பக்கத்து இடங்களை மாஸ்கிங் டேப், பிரவுன் பேப்பர் ஒட்டி மூடுங்கள். செய்தித்தாள் என்றால் இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள், ஒற்றைத் தாளில் தின்னர் ஊறிவிடும்.

படி 5: பிரைமர்

சென்னைப் பக்கம் என்றால் தை, மாசி காலைகள் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகும். நேர் வெயிலும் ஆகாது, தகட்டில் கை வைத்தால் சுடக் கூடாது. தூசி கிளம்பாமல் இருக்கத் தரையில் வாசல் தெளிப்பதுபோல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஷெட்டில் அடிப்பதென்றால் கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக நகர்ந்து போய்ப் பற்றும்.

மறுபடி ஒருமுறை கிரீஸ் எடுங்கள். டப்பாவை, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். தூரம் ஒரு சாண். ஃபெண்டருக்கு வெளியே ஊதத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பின்பே விரலை எடுக்க வேண்டும். மணிக்கட்டை ஆட்டாமல் முழுக் கையும் நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடட்டும். முதல் கோட் மேலே தூவியது மாதிரி இருந்தால் போதும், அடியில் நிறம் தெரிவதைப் பார்த்துப் பதறாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கிட்டப் போனால் வழியும். தள்ளிப் போனால் பாதி வழியிலேயே காய்ந்து மாவு மாதிரி சொரசொரப்பாக விழும்.

படி 6: கறுப்புத் தூவல்

ஒரு நாள் காய்ந்ததும், கறுப்பு மேட் ஸ்ப்ரேயை இரண்டடி தள்ளி நின்று மேலே லேசாகத் தூவுங்கள். காய்ந்த பின் 400 போட்டுப் பிளாக்கில் தேயுங்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடம் பள்ளம். பிரைமர் போய்த் தகடு எட்டிப் பார்க்கும் இடம் மேடு. பள்ளம் சின்னதாக இருந்தால் அங்கே இன்னும் இரண்டு கோட் பிரைமர், பெரிதாக இருந்தால் மறுபடி பட்டி. என் ஃபெண்டரில் பட்டி போட்ட இடத்தைச் சுற்றி அழகாக ஒரு கறுப்பு வளையம் நின்றது. துணி வைத்துத் தடவிப் பார்க்கச் சோம்பல்பட்டதன் பலன்.

கறுப்பு முழுக்கப் போன பின் 600 போட்டு ஒருமுறை மெல்ல இழையுங்கள். மெட்டாலிக் கலர் என்றால் 800. தகடு தெரிந்த இடத்துக்கெல்லாம் திரும்ப பிரைமர் வைக்க மறக்காதீர்கள். பிரைமரும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் கலர் அடிக்கும்வரை வண்டி மழையிலும் பனியிலும் நிற்கக் கூடாது. வருகிற போகிறவர்கள் "எங்கே, வழவழன்னு இருக்கா?" என்று தடவிப் பார்க்கவும் விடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் திரும்பவும் துடைக்க வேண்டியிருக்கும்.