வெள்ளிக்கிழமை ஒரு வரி

ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டே பின்னாளில் வெளியே வேலை தேட நினைப்பவர்கள், விண்ணப்பத்தில் சேர்க்க, வெள்ளிதோறும் ஒரு தனி பாக்கெட் நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்: என்ன சிக்கல், என்ன செய்தீர்கள், எந்த எண் மாறியது. ஆய்வக நோட்டில் வேண்டாம், விலகும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

'வெஸ்டர்ன் பிளாட் தெரியும்' (புரதத்தைக் கண்டறியும் ஆய்வக நுட்பம்) என்பது தரக்கட்டுப்பாடு, கிளினிக்கல் ட்ரயல் (மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு) வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு ஒன்றும் சொல்லாது. 'ஆன்டிபாடியை (தேடும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் பொருள்) 1:500 முதல் 1:2000 வரை நீர்த்துச் சோதித்து, பின்னணிக் கறையைக் குறைத்து, செய்முறை எழுதி 2 பேருக்குக் கற்றுக்கொடுத்தேன்' என்றால் சிக்கல் தீர்த்தல், ஆவணப்படுத்தல், பயிற்றுவித்தல் மூன்றும் தெரிந்துவிடும். வருஷம் கழித்து யோசித்தால் எண்கள் நினைவுக்கு வராது.

நாகர்கோவில் பக்கம் மலையாளமும் வேலூர் பக்கம் தெலுங்கும் பேசத் தெரிந்தவர்கள் அதையும் குறியுங்கள்; ட்ரயலில் சேருவதற்கான ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியவைக்க அது உதவும்.

போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விண்ணப்பத்துக்கு இந்த முறை சரிவராது, அங்கே நுட்பத்தின் பெயரே முதலில் வேண்டும். நோயாளி விவரம், வெளியிடாத முடிவுகள் நோட்டில் ஏறவே கூடாது.