சுருதி கெடாத பெட்டி: அப்பாவின் டீவிக்கு ஒரு சத்தமில்லாத கணினி

2023 மார்கழியில் ஒரு ராத்திரி. மாயவரம் வீட்டுக் கூடத்தில் அப்பா பழைய ரேடியோ கச்சேரி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் பழைய டெஸ்க்டாப்பை டீவியில் மாட்டிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆலாபனை நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அவர் தோடி பாடறார், உன் பெட்டி கூடவே அந்தர காந்தாரம் பிடிச்சுக்கிட்டு நிக்குதே?"

கிண்டல் என்று நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெட்டியின் விசிறிக்கு ஏழு இறக்கை, நிமிடத்துக்கு 1500 சுற்று. விநாடிக்கு 25 சுற்று, ஏழால் பெருக்கினால் 175 அதிர்வு. பாடகர் சுருதி ஒன்றரைக் கட்டை, அதாவது சுமார் 139 அதிர்வு. 175 அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் மடங்கு, அந்தர காந்தாரமேதான். தோடிக்கு வேண்டியதோ அதற்கு ஒரு படி கீழான 'சாதாரண காந்தாரம்'. தபால் துறையில் ஓய்வு பெற்ற 76 வயது மனிதரின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நான் கணினித் துறை ஆள் இல்லை. சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நான் செய்ததை யாரும் செய்யலாம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவர் பார்ப்பது ஓடிடி மட்டும்தானா? அப்படியென்றால் நாலைந்தாயிரத்துக்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகிவிட்டு இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம். அதில் விசிறியே கிடையாது. கணினியின் உலாவியில், அதுவும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில், அந்தச் சேவைகள் உயர்ந்த தரப் படத்தைத் தருவதும் இல்லை. அப்பாவின் கதை வேறு. கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகள், கல்யாண விசிடி, டிவிடி, போட்டோக்கள் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 700 ஜிபி. டீவியோ ஸ்மார்ட் இல்லாத பழைய 40 இன்ச், ஃபுல் எச்டி. இந்த மாதிரி சொந்தச் சேகரம் இருக்கிற வீட்டுக்குத்தான் கணினி.

அமைதியான கணினி என்றதும் பலர் பெரிய கேபினட், விலை உயர்ந்த விசிறி என்று ஆரம்பிப்பார்கள். எனக்குக் கட்டுப்படியானது அலுவலகங்கள் கழித்துவிடும் ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள மினி பிசி. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி மூன்றும் ஒரே ஜாதி. நான் வாங்கியது லெனோவோ எம்710க்யூ, ஐ5 7500டி ப்ராசஸருடன். கடைசியில் இருக்கும் அந்த 'டி' எழுத்துதான் முக்கியம். டி இல்லாத 7500, 65 வாட் சூட்டுக்கு வடிவமைத்தது, டி இருந்தால் 35 வாட். சூடு குறைந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். ஏழாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். எச்இவிசி 10 பிட், விபி9 என்ற வீடியோ சுருக்க வடிவங்கள் இரண்டையும் கிராஃபிக்ஸ் சிப்பே முழுசாகப் பிரித்துக் காட்டுவது இன்டெலில் அதிலிருந்துதான். ஃபோர்கே டீவி என்றால் இன்னும் கொஞ்சம் போட்டு என்100 வகைப் பெட்டி பார்க்கலாம், அதில் ஏவி1 என்ற புதிய வடிவம்கூட வன்பொருளிலேயே ஓடும்.

ரிச்சி தெருவில் வாங்கினேன். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். அந்தத் தெருவின் கூச்சலில் விசிறிச் சத்தத்தைக் காதால் சோதிப்பது நடக்காத காரியம், அதனால் விரலால் சோதியுங்கள். ஓடும்போது பெட்டியின் மேல் லேசாக விரல் வைத்தால் நல்ல விசிறி மென்மையாகத் தெரியும், பேரிங் போனது கரகரவென்று துடிக்கும். அப்புறம் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள், அதாவது பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போக முடிகிறதா பாருங்கள். கம்பெனியில் இருந்து வந்த பெட்டிகளில் சிலவற்றுக்குப் பழைய கடவுச்சொல் அப்படியே இருக்கும், அதை வாங்கினால் எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. இரண்டரை இன்ச் டிஸ்க் மாட்டும் தட்டும் அதற்கான கேபிளும் உள்ளே இருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூதான், கடைக்காரர் முகம் சுளிக்கக் காரணமே இல்லை.

2024 ஆகஸ்டில் நான் கொடுத்தது: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டியுடன் பெட்டி 11,500. சேகரத்துக்கு, சுழலும் பாகமில்லாத 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி 5,400. ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் 300, கையடக்க வயர்லெஸ் கீபோர்டு 750, எச்டிஎம்ஐ கேபிள் 250. மொத்தம் 18,200. சுழலும் ஹார்டு டிஸ்க் போட்டால் சேமிக்கலாமே என்று என் கணக்குப்பிள்ளை மூளை சொல்லத்தான் செய்தது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அது 'கர்ரக்' என்று தலை நகர்த்தும் சத்தம் மரப் பலகையில் பட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும். ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் யுஎஸ்பியில் வெளியே வைத்து, அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு இரண்டு போடுங்கள், பாதிச் சத்தம் அடங்கும்.

பட்ஜெட்டில் பிறகு 900 ரூபாய் ஏறியது. கடையில் பெட்டியோடு கொடுத்த அடாப்டர் ஏதோ போலி. விசிறி அடங்கிய பிறகும் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். இரண்டு நாள் பெட்டியையே சந்தேகப்பட்டுத் திறந்து மூடினேன், கடைசியில் தரையில் கிடந்த அடாப்டர் பக்கம் காதை வைத்தபோதுதான் திருடன் அகப்பட்டான். 20 வோல்ட், 65 வாட் அசல் அடாப்டர் வாங்கி மாட்டியதும் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தூசி. மூடியைக் கழற்றி, விசிறியின் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். பல வருட அலுவலகத் தூசி, கம்பளி மாதிரி வந்தது. ப்ராசஸர் மேல் உட்காரும் உலோக ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்து சுண்ணாம்பாய்ப் போன பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட் வைத்தேன். அதிகம் வைத்தால் அதிகம் குளிராது, வழியத்தான் செய்யும். கையோடு சிஆர்2032 பொத்தான் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பயாஸில் செய்த மாற்றமெல்லாம் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் மறந்துபோகலாம்.

பயாஸில் நான் தொட்டது மூன்றே இடம். குளிரூட்டும் பகுதியில் சத்தக் குறைவுக்கு முன்னுரிமை தரும் தேர்வு, 'பெட்டர் அகூஸ்டிக்' என்கிற மாதிரி இருக்கும். அடுத்தது டர்போ, ப்ராசஸர் அவ்வப்போது தானே வேகத்தைக் கூட்டும் வசதி, அதை அணைத்தேன். 2.7 கிகாஹெர்ட்ஸ் கச்சேரிக்குத் தாராளம், திடீர் திடீரென்று விசிறி மூச்சு வாங்குவது நின்றது. சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தைத்தான் மறக்காது. மூன்றாவது, கரண்ட் போய் வந்தால் தானே எழ வேண்டும் என்பது. லெனோவோவில் 'ஆஃப்டர் பவர் லாஸ்', டெல்லில் 'ஏசி ரிக்கவரி' என்று இருக்கும். இதோடு வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதையும் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் ஃபேனுக்கும் விளக்குக்கும் போதும், கணினிக்குப் போதாது.

விண்டோஸ் 11 இந்த ப்ராசஸருக்கு அதிகாரபூர்வமாக இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2029 வரை புதுப்பிப்பு வரும், காசு இல்லை. பென்டிரைவில் எழுதி, எஃப்12 அழுத்தி அதிலிருந்து எழுப்பி நிறுவினேன். கடவுச்சொல் கேட்காமல் உள்ளே போகும்படி வைத்து, பாட்டும் படமும் ஓட்டும் கோடி (Kodi) என்ற இலவச மென்பொருளைத் தொடக்கப் பட்டியலில் சேர்த்தேன். பெட்டியை ஆன் செய்தால் கோடியில் போய் நிற்கும். அம்மா அதைக் கணினி என்றே சொல்வதில்லை, "பாட்டுப் பெட்டி"தான்.

இப்போது நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம். பெட்டி அமைதியாக இருப்பதில் பாதி, மென்பொருளின் கையில் இருக்கிறது. கோடியில் கச்சேரி வீடியோ ஓடும்போது ஓசையே இல்லை, அப்பா யூட்யூப் போட்டால் மட்டும் பத்து நிமிடத்தில் விசிறி எகிறும். காரணம் ஏவி1. யூட்யூப் பல வீடியோக்களை அந்த வடிவில் அனுப்புகிறது, ஏழாம் தலைமுறை கிராஃபிக்ஸ் சிப்புக்கு அது தெரியாது. எல்லாப் பாரமும் ப்ராசஸர் தலையில். பயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட் கான்ஃபிக்' (about:config) போய், ஏவி1 என்று தேடி, 'மீடியா ஏவி1 எனேபிள்டு' (media.av1.enabled) வரியை ஃபால்ஸ் ஆக்கினேன். உடனே யூட்யூப் விபி9-க்கு மாறியது, அதைச் சிப் பார்த்துக்கொள்கிறது, விசிறி அடங்கியது. ஒரு பைசா செலவில்லை. கோடியிலும் இதைச் சோதிக்கலாம்: படம் ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ஓ எழுத்தை அழுத்தினால் திரையில் விவரம் வரும், அதில் எச்டபிள்யூ என்று இருந்தால் வேலையைச் சிப் செய்கிறது என்று அர்த்தம்.

கோடியில் இன்னும் இரண்டு. பிளேயர் அமைப்பில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்' முதலில் அணைந்தே இருக்கும், அதைப் போடுங்கள். நம் ஊர்க் கல்யாண விசிடி, டிவிடி எல்லாம் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 25 படம். டீவி 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 தடவை திரை மாறும்படி, இருந்தால் மாப்பிள்ளை அழைப்பில் கார் வெட்டி வெட்டிப் போகும், 50-க்கு மாறினால் வழுக்கிக்கொண்டு போகும். டிவிடியில் அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால் பிளேயரில் 'டீஇன்டர்லேஸ்' என்ற அமைப்பைப் போட வேண்டும். விசிடி 352-க்கு 288 புள்ளிதான், அதை எந்தக் கணினியும் அழகாக்காது. மாமா தலையில் முடி இருந்தது தெரிகிற அளவுக்குத் தெரிந்தால் சரி.

ஒலி அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 (டீவியின் இரண்டு ஸ்பீக்கர்) என்று வையுங்கள். பெரியவர்கள் "பாட்டு கேக்குது, பேச்சு கேக்கலை" என்று சொன்னால் காதை மட்டும் குறை சொல்லாதீர்கள். 5.1 என்று வைத்திருந்தால் வசனமெல்லாம் வீட்டில் இல்லவே இல்லாத நடு ஸ்பீக்கருக்குப் போய்க் காணாமல் போகும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'ஃபோல்டர்' (folder.jpg) என்ற பெயரில் ஒரு ஜேபெக் படம் வைத்தேன். கோடி அதையே முகப்பாகக் காட்டும். தம்பி கல்யாணத்துக்கு மாலை மாற்றும் படம், பெரியப்பா சதாபிஷேகத்துக்கு அவர் குடத்தடியில் உட்கார்ந்த படம், கச்சேரிகளுக்கு அந்தந்த கேசட் அட்டையின் போட்டோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று, ஆனால் அதன் பிறகு அம்மா என்னை ஒரு தடவைகூட போனில் கூப்பிட்டு வழி கேட்கவில்லை. கீபோர்டில் அம்புக்குறி, என்டர், பேக்ஸ்பேஸ் தவிர மற்ற சாவிகள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். யூட்யூபுக்கு அப்பா மவுஸ்தான் பிடிக்கிறார், ஆபீஸ் பழக்கம்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு சண்டை நடந்தது. 2025 கத்திரி வெயிலில் அம்மா தூசி படாமல் இருக்கட்டும் என்று பெட்டியை ஷோகேஸுக்குள் தள்ளி, மேலே ஒரு குரோஷா துணியையும் போர்த்தி, கண்ணாடியைச் சாத்திவிட்டார். மறுநாளே அப்பாவிடமிருந்து போன்: "பெட்டி மறுபடியும் பாடுது." வழக்கமாக 50 டிகிரி காட்டும் ப்ராசஸர் சூடு 80-ஐத் தொட்டிருந்தது. இப்போது ஷோகேஸ் மேலே, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது, குரோஷா துணி அடியில் விரிப்பாக. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது மூடியைத் திறந்து பிரஷ் போடுவது என்று ஏற்பாடு.

சோதிக்க ஒரே நேரம்தான் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் ஓடும், அந்த இரைச்சலில் எந்தக் கணினியும் அமைதியாகத்தான் தோன்றும். ஃபேனை நிறுத்துங்கள், ராத்திரி பத்துக்கு மேல், ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, தம்பூரா மட்டும் கேட்கிற ஒரு இடத்தில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்.

2024 மார்கழியில் அப்படித்தான் செய்தோம். அதே தோடி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன். கண்ணைத் திறந்து சுவரைக் காட்டினார். "ஏம்மா, அந்தக் கடிகாரத்தைக் கழட்டி சமையல்கட்டுல மாட்டிடேன். டிக் டிக்னு காலப்பிரமாணம் தப்பா இருக்கு."