விசைப்படகு இன்ஜின் சூடேறுகிறதா? கோளாறு எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள்

ஹீட் எக்ஸ்சேஞ்சர் பொருத்திய டீசல் இன்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் பிளாக்குக்குள்ளேயே சுற்றிவரும். கடல்தண்ணீர் எக்ஸ்சேஞ்சர் குழாய்கள் வழியாகப் போய், அந்த நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு புகைக்குழாயில் வெளியேறும். சூடேறியதும் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து கூலன்ட்டை விடும் வால்வு) கழற்ற ஓடுவதுதான் வழக்கம். பெரும்பாலும் கோளாறு கடல்தண்ணீர்ப் பக்கம்தான் இருக்கும்.

வெப்பமானி முள் ஏறினால் உடனே லோடைக் குறைத்து, புகைக்குழாயைப் பாருங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கலாம். தண்ணீர் வராவிட்டாலோ, முள் இன்னும் ஏறினாலோ அப்போதே நிறுத்திவிட வேண்டும். சூடாக இருக்கும்போது கூலன்ட் தொட்டி மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் குறைவாக வந்தால் கடல்தண்ணீர் உள்ளே வரும் அடிவால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, வாயில் பாலித்தீனோ சொறி மீனோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள். வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருக்கலாம். அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து இம்பெல்லர், அதாவது கடல்தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம். தண்ணீரில்லாமல் ஓடினால் ஓரிரு நிமிடத்திலேயே அதன் ரப்பர் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். புதியதைப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. பிய்ந்த துண்டுகளை எண்ணிப் பார்த்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். விடுபட்டவை ஆயில் கூலர் அல்லது எக்ஸ்சேஞ்சர் வாயில் சிக்கிக் கிடக்கும். புது இம்பெல்லருக்கு கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ போதும்.

மெதுவாகப் போனால் சரியாக இருந்து, வேகமெடுத்தால் மட்டும் சூடேறுகிறதா? எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்பும் பாசியும் அடைத்திருக்கலாம். இரு முனை மூடிகளையும் கழற்றி, மரக்குச்சி அல்லது நைலான் பிரஷ்ஷால் ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கீறி ஓட்டையாக்கிவிடும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள எக்ஸ்சேஞ்சரில் வைத்திருக்கும் துத்தநாகக் குச்சி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். உடைந்து விழுந்த அதன் துண்டும் குழாயை அடைக்கும். உள்ளடுக்கு பிரிந்த உறிஞ்சு ஓஸ் வேகத்தில் ஒட்டிக்கொள்வதும், உப்பு அடைத்த புகைக்குழாய் முழங்கையும், புரொப்பெல்லரில் சுற்றிய வலையும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

கடல்தண்ணீர் சரியாக வந்தும் சூடேறினால்தான் உள்சுற்றுக்கு வர வேண்டும். நன்றாக ஆறிய பின் கூலன்ட் மட்டம், பம்பு பெல்ட், கூலன்ட் தொட்டி மூடியின் ஸ்பிரிங், ரப்பர் ஆகியவற்றைச் சோதியுங்கள். மூடி அழுத்தம் தாங்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் தொங்கவிட்டு, அதில் பொறித்த வெப்பநிலையில் (பொதுவாக 71 முதல் 82 டிகிரி செல்சியஸ்) திறக்கத் தொடங்குகிறதா பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல.

எங்கும் கசியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் எக்ஸ்சேஞ்சர் குழாயில் ஓட்டை இருக்கலாம். உள்சுற்றின் அழுத்தம் கூடுதலானதால் கூலன்ட் கடல்தண்ணீரோடு கலந்து வெளியே போய்விடும். இன்ஜின் ஓடும்போது தொட்டியில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். புதிதாகக் கூலன்ட் நிரப்பிய பின் வரும் குமிழி காற்றடைப்பாகவும் இருக்கலாம்: மேலேயுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, காற்று போனதும் இறுக்கி, மட்டத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.