ஆட்டைச் சந்தைக்கு ஓட்டும் முன் எடை போடுங்கள்
வியாபாரி ஆட்டின் இடுப்பை ஒரு முறை அழுத்திப் பார்ப்பார், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையைச் சொல்வார், பேரம் முடிந்துவிடும். அவர் கைக்கு எடை தெரியும், நமக்குத் தெரியாது. நஷ்டம் அங்கேதான்.

ஒரு தொங்கு தராசு வாங்கி, காலையில் தீவனம் வைக்கும் முன் ஆட்டைச் சாக்கில் கட்டி எடை பாருங்கள். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி: 20 கிலோ கிடாயில் 9 முதல் 10 கிலோ. உள்ளூர்க் கறிக்கடை விலையால் பெருக்கினால் பேரத்தின் உச்ச வரம்பு தெரிந்துவிடும். தோலும் தலையும் குடலும் வியாபாரிக்குத் தனி வரவு, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்டுச் சந்தை கூடும் நாட்கள்: அய்யலூர் வியாழன், செஞ்சி வெள்ளி, எட்டயபுரம் சனி. பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய சந்தைகளில் விலை ஏறும். அவசரப் பணத்துக்காக மட்டும் விற்காதீர்கள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.