உலகப் போட்டிக்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம்

காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழ்க் கதையை அப்படியே அனுப்பலாம், தெரியுமா? நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும். கதை 2000 முதல் 5000 சொற்களுக்குள், எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும். வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் 1 வரை கதைகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த ஆண்டின் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அனுப்பும் முன் கோப்பில் உங்கள் பெயரைத் தேடி நீக்குங்கள். முதல் பக்கத்தில் எடுத்துவிட்டு மேல்விளிம்பில் விட்டுவிடுவது சகஜம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், இப்போது எல்லாக் கணினியிலும் பொதுவாக உள்ள யூனிகோடுக்கு மாற்றி, வாய்விட்டுப் படியுங்கள். ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளில் மாற்றும்போது கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து நிற்கலாம். கண் அதைத் தாண்டிப் போய்விடும், நாக்கு தடுக்கி நின்றுவிடும்.